பாடசாலைக்கு பிரின்டர் வாங்கிக் கொடுக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

 

பாடசாலைக்கு உதவி செய்துவரும் பழைய மாணவர்களுக்கும், கொழும்பில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு "என்ன வேணும் சேர்?" என்று மெசேஜ் போடும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் கம்பியூட்டர் லெப்புக்கு இதுவரை அன்பளிப்பாக வந்த பிரின்டர் இரண்டு. இரண்டும் புத்தம் புதிது. இரண்டுமே இன்று லெப்பில் இல்லை. ஒன்று ஒபிஸுக்குப் போய்விட்டது. மற்றது பெட்டியோடு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. கொடுத்தவர்களின் மனதிலும் குறையில்லை, பிரின்டரிலும் பழுதில்லை. எங்கள் லெப்பில் இருப்பது நீங்கள் வீட்டில் பாவிக்கும் வகைக் கம்பியூட்டர் இல்லை, அதுதான் காரணம்.

லெப்புக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மேசையிலும் திரை, கீபோர்ட், மவுஸ், பக்கத்தில் கொப்பி அளவில் ஒரு சின்னப் பெட்டி. இதற்குத் 'தின் கிளையன்ட்' என்று பெயர். அந்தப் பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. வேலை முழுவதும் மூலையில் இருக்கும் ஒரே சேர்வரில்தான் நடக்கிறது. மலையில் ஒரு தண்ணீர்த் தாங்கி, லயத்தில் வீட்டுக்கு வீடு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், ஆனால் குழாயில் தண்ணீர் இல்லை.

வசதியில்லாத பாடசாலையின் தலையில் கட்டிய மலிவுச் சரக்கு என்று இதை நினைக்கவேண்டாம். இந்த முறையில் பாடசாலைகளை நடத்துவதற்கான எல்.ரி.எஸ்.பி என்ற இலவச மென்பொருள் 1999 முதல் இருக்கிறது. மசிடோனியா நாட்டில் 2007இல் நாடு முழுவதுக்குமாக மாணவருக்கு 180,000 இருக்கைகள் போடத் திட்டமிட்டது இதே யோசனையில்தான். ஒரு கம்பியூட்டரை ஏழு பேர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. மின்சாரம் குறைவாக இழுக்கும், பழுதானால் பெட்டியை மட்டும் மாற்றலாம். எங்களுக்கு இதில் முறைப்பாடே கிடையாது.

பிரச்சினை பிரின்டரில்தான் வருகிறது. பிள்ளை மேசையில் இருந்து 'பிரின்ட்' என்று அழுத்துகிறது. கட்டளை போவது சேர்வருக்கு. பிரின்டரின் வயர் இருப்பதோ மேசையில் உள்ள சின்னப் பெட்டியில். சேர்வர் அந்தப் பிரின்டரை அறியாது, பெட்டிக்கோ பிரின்டரோடு பேசத் தெரியாது. இரண்டையும் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். எல்.ரி.எஸ்.பியில் பெட்டியின் யூ.எஸ்.பி வாயிலை 9100 என்ற இலக்கத்தின் வழியாக நெட்வேர்க்கில் திறந்துவிடலாம். சேர்வரில் அந்த முகவரியைக் கொடுத்துப் பிரின்டரைச் சேர்க்கலாம். ஆனால் பெட்டியின் ஐ.பி முகவரி நாளுக்கு நாள் மாறினால் சேர்வர் பிரின்டரைத் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் அதை மாறாமல் கட்டிவைக்க வேண்டும். விண்டோஸ் சேர்வராக இருந்தால் வேறு கூத்து. ஒவ்வொரு முறை நுழையும்போதும் அதே பிரின்டர் பெயருக்குப் பின்னால் புதிய இலக்கத்தோடு வந்து நிற்கலாம். நேற்று இரண்டு, இன்று ஐந்து. பிள்ளை எதைத் தெரிவு செய்யும்?

இவ்வளவும் செய்தாலும் எல்லாப் பிரின்டரும் அசையாது. கடையில் விலை குறைந்த லேசர் பிரின்டர்கள் பலவற்றில் சொந்த மூளை குறைவு. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைக் கம்பியூட்டரே செய்து அனுப்பவேண்டும். எச்.பி. லேசர்ஜெட் 1020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை சுவிட்ச் போட்டதும் கம்பியூட்டர் அதற்குள் ஒரு சிறு மென்பொருளை இறக்கினால்தான் அது விழித்தெழும். கெனன் எல்.பி.பி. 2900 தன் கம்பனியின் தனி மொழியில் மட்டும்தான் பேசும், கேட்டதற்குப் பதிலும் எதிர்பார்க்கும். ஒரு கம்பியூட்டரோடு நேராகக் கட்டி வைத்தால் இரண்டுமே நன்றாக உழைக்கும் இயந்திரங்கள். ஒரு வழியில் மட்டும் தகவலைத் தள்ளிவிடும் சின்னப் பெட்டியோடு இவற்றை ஓட்டப் பார்ப்பது, ஊமைக்கும் செவிடனுக்கும் கல்யாணப் பேச்சு நடத்துகிற மாதிரி.

எனவே எங்கள் கேட்பு மிகச் சுருக்கம். வாங்குவதானால் நெட்வேர்க் வாயில் உள்ள, போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பி.சி.எல் புரியும் கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டர் ஒன்று வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் இரண்டு பேர் தனித்தனியாக இரண்டு சின்னப் பிரின்டர் தருவதைவிட, சேர்ந்து இப்படி ஒன்று தருவது எவ்வளவோ மேல். அதன் கேபிளை நேரே லெப்பின் சுவிட்ச்சில் குத்தி, ஒரு நிலையான முகவரி கொடுத்து, சேர்வரில் ஒரே தடவை சேர்த்துவிட்டால் எல்லா மேசைகளுக்கும் அது தெரியும்.

"பிள்ளைகளுக்கு எதற்குப் பிரின்டர்? ஒபிஸில் ஒன்று இருந்தால் போதாதா?" என்று பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டார்கள். கேட்டவர்களைக் குறை சொல்லவில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது. அதன் பிறகு கடதாசி என்றாலே எல்லோருக்கும் கை சுருங்குகிறது. பிள்ளைகள் கண்டபடி அழுத்திக் கடதாசியை முடித்துவிடுவார்கள் என்ற பயமும் நியாயமானதே. ஒருமுறை அழுத்தி வராவிட்டால் மூன்று முறை அழுத்துவது பிள்ளைக் குணம். பெரியவர்களும் அப்படித்தான். ஆனால் அதற்குச் சேர்வரிலேயே பூட்டு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று அளந்து விடலாம். வரிசையை நிறுத்திவைத்து, ஆசிரியர் பார்த்த பிறகு விடுவிக்கலாம். கடதாசி வீணாகும் என்று பிரின்டரை ஒபிஸில் பூட்டுவது, வெள்ளம் வரும் என்று குழாயே போடாமல் விடுவது போன்றது.

ஒபிஸில் வைத்தால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். தரம் 10 பிள்ளை தன் செயற்றிட்டத்தை லெப்பில் செய்கிறது. அச்செடுக்க பென் டிரைவில் போட்டு டவுனுக்கு இறங்குகிறது. மேல் டிவிஷனில் இருந்து வரும் பிள்ளைக்கு அது பஸ் காசு, மழை, பின்னேர நேரம். கடையில் திறந்தால் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது, ஏனென்றால் லெப் சேர்வரில் இருந்த ஃபொன்ட் கடையில் இல்லை. சில பிள்ளைகள் அச்செடுக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். "சேர், கையால எழுதித் தாறன்" என்கிறார்கள். கம்பியூட்டர் பாடத்தை!

ஃபொன்ட் விஷயம் ஆசிரியர்களுக்கும் உண்டு. பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்கள் எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இஸ்லாம் பாடத்துக்கு இடையில் அறபு வசனம் வரும். இதையெல்லாம் மேசை மேசையாக ஏற்றத் தேவையில்லை. சேர்வரில் ஒரு தடவை ஏற்றினால் 15 மேசைக்கும் போதும். தின் கிளையன்டில் உள்ள பெரிய நிம்மதியே அதுதான். வீட்டுக் கம்பியூட்டரில் பாமினி இல்லை, புரியாத ஆங்கில எழுத்தாக வருகிறது என்று இரவு பத்து மணிக்குப் போன் எடுக்கும் டீச்சர்மார் இந்த வரியை இரண்டு முறை வாசிக்கவும்.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. மழைக்காலத்தில் இங்கே கடதாசி ஈரம் குடிக்கும். திறந்து வைத்த கட்டு சுருண்டு, லேசர் பிரின்டருக்குள் சிக்கும். பிரின்டர் பழுது என்று ஹட்டனுக்குக் கொண்டு போவார்கள். கடதாசியைப் பொலித்தீனில் சுற்றிவைத்து, தேவையான அளவை மட்டும் தட்டில் போட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஆகவே உதவ நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் பார்த்த மொடலின் பெயரை எங்களுக்கு அனுப்புங்கள். அது லெப்புக்குச் சரிவருமா என்று பார்த்து அன்றே பதில் சொல்கிறோம். டோனரின் விலையையும் அது ஹட்டனில் கிடைக்குமா என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள். இரண்டாவது டோனரை யார் வாங்குவது என்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பேசி முடிப்போம். அலுமாரிக்கு மேலே இருப்பதை, கொடுத்தவர் சம்மதித்தால், சேர்வரோடு நேராகக் கட்டி அதுவரை ஓட்டலாம். அதற்கு 5 மீற்றர் யூ.எஸ்.பி கேபிள் ஒன்று போதும்.