பார்க்கிறதுக்கே காசா?

பி.காம் படிக்கிற பயலுக்கு இன்ஜின்ல என்ன வேலைன்னு சிரிக்காதீங்க. கொஞ்சம் பொறுமையா படிங்க, கடைசியில இது கணக்குல வந்துதான் முடியும்.

எங்க வீட்டுல ஒரு மாருதி ஆம்னி இருக்கு. 2006 மாடல், 796 சிசி, மூணு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. அப்பாவுக்குப் பூ வியாபாரம். விடியக்காலம் 4 மணிக்குத் தோட்டம் தோட்டமா போய்ப் பூவை ஏத்தி, சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குக் கொண்டு வரணும். வண்டி நின்னா அன்னைக்குப் பூ வாடிரும், அவ்வளவுதான்.

போன வருஷம் இந்த வண்டி பெட்ரோலைத் தண்ணி மாதிரி குடிக்க ஆரம்பிச்சது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தது 10-க்கு வந்துட்டு. சைலன்சர் வாயில விரலை வச்சா மை மாதிரி கரி. பின்னாடி நின்னா பெட்ரோல் வாடை. புகைப் பரிசோதனையிலயும் ஃபெயில். அந்தக் காலத்து பாரத் ஸ்டேஜ் 2 பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்க வண்டி 2-க்கு மேல காட்டிச்சு.

வழக்கமா விடுற பட்டறைக்குப் போனோம். முதல் தடவை ஏர் ஃபில்டரும் பிளக்கும் மாத்துனாங்க. ரெண்டாவது தடவை இன்ஜெக்டர் கிளீனிங். மூணாவது தடவை ஆக்சிஜன் சென்சார். மொத்தம் 7,400 ரூபாய். மைலேஜ் அதே 10. கடைசியா, "இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்குச் சேராது அண்ணாச்சி, பேசாம தள்ளி விட்டுருங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஆடித்தபசு நெருங்குற நேரம். அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

இங்க கொஞ்சம் பாடம் நடத்திக்கிறேன். ஒரு பங்கு பெட்ரோல் முழுசா எரிய எடைக்கணக்குல 14.7 பங்கு காத்து வேணும். காத்து குறைஞ்சோ பெட்ரோல் கூடியோ போனா அதுக்குப் பேரு 'ரிச்'. எரியாத மிச்சம்தான் கரியும் கார்பன் மோனாக்சைடும். கார்பரேட்டர் காலத்துல ஏர் ஃபில்டர் அடைச்சாலே கலவை ரிச் ஆகிரும். 2000-ல மாசு விதிகள் இறுகினப்புறம் பெட்ரோல் கார்கள்ல கார்பரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்துச்சு. இந்த வகை மாருதியில ஃபில்டருக்கு அப்புறம் உள்ள போற காத்தோட அழுத்தத்தை மேப் சென்சார் பார்த்து, அதுக்குத் தக்கபடிதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடும். ஃபில்டர் அடைச்சா வண்டி இழுக்காது, ஆனா பெரிசா ரிச் ஆகாது. பட்டறையில மாத்துன முதல் சாமானே பழைய காலத்துப் பழக்கத்துல மாத்துனது.

எத்தனால் கதையும் அப்படித்தான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 13.5 பங்கு காத்து போதும். அதே அளவு பெட்ரோல் விட்டா கலவை மெலியத்தான் செய்யும், கரி புடிக்காது. மைலேஜ் கொஞ்சம் குறையலாம், பழைய ரப்பர் சாமானுக்கு ஆகாமலும் போகலாம். அதுக்காக எல்லா நோய்க்கும் எத்தனால் மேல பழி போட்டா எப்படி?

பெரியப்பா சொல்லி திருநெல்வேலியில ஒரு பெரியவர்கிட்ட வண்டியைக் கொண்டு போனோம். அவர் எடுத்த எடுப்பிலேயே, "பார்க்கிறதுக்கு 500 ரூபா. சாமான் மாத்துனாலும் மாத்தாட்டாலும்"னு சொல்லிட்டார். அப்பா முகம் சுருங்கிட்டு. "பார்க்கிறதுக்கே காசா?"ன்னு என் காதுல கேட்டார்.

பெரியவர் மூணு பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சார். மூணுமே கறுப்பு. "ஒண்ணு மட்டும் கறுத்திருந்தா அந்த சிலிண்டரோட இன்ஜெக்டரைச் சந்தேகப்படலாம் தம்பி. மூணும் கறுத்திருக்கு, அப்ப மூணுக்கும் பொதுவான கோளாறு"ன்னார். பெட்ரோல் பிரஷரை கேஜ் வச்சுப் பார்த்தார், சரியா இருந்துச்சு. மேப் சென்சார் ஹோஸ்ல வெடிப்பு இல்ல. அதுல வெடிப்பு இருந்தா வண்டி முழு லோடுல ஓடுதுன்னு கம்ப்யூட்டர் நம்பி பெட்ரோலை அள்ளி விடும். ஆக்சிஜன் சென்சார் 0.9 வோல்ட்லயே நின்னுச்சு. ஒரு வேக்குவம் ஹோஸைக் கழட்டி காத்து விட்டதும் சட்டுனு இறங்குச்சு. "சென்சார் உயிரோட இருக்கு. கலவை ரிச்சுன்னு உண்மையைத்தான் சொல்லுது. சேதி கொண்டு வந்தவனை அடிச்சு என்ன பிரயோஜனம்?"

அடுத்து மீட்டரைப் பார்த்தார். அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டிட்டு வந்தும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடக்கு. "தெர்மோஸ்டாட் வால்வை யாரு கழட்டுனா?"ன்னார்.

அப்பாதான் ஞாபகப்படுத்திச் சொன்னார். அதுக்கு முந்தின கோடையில ரேடியேட்டர் கொதிச்சு வண்டி வழியில நின்னுச்சு. அப்ப ஒரு பட்டறையில, "நம்ம ஊரு வெயிலுக்கு இந்த வால்வு எதுக்கு"ன்னு கழட்டிப் போட்டிருக்காங்க. அன்னையில இருந்து முள் ஏறவே இல்ல. அப்பா அதை எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொல்லிக்கிட்டு இருந்தார்!

விஷயம் இதுதான். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் வேணும், அதனால கம்ப்யூட்டர் கூட்டி விடும். இன்ஜின் சூடானதும் குறைச்சுக்கிட்டு, ஆக்சிஜன் சென்சார் பேச்சைக் கேட்டு ஓட்டும். வால்வு இல்லாம தண்ணி எப்பவும் ரேடியேட்டரைச் சுத்திக்கிட்டே இருந்ததால, அதுவும் விடியக்காலக் குளிர்ல, இன்ஜின் சூடாகவே இல்ல. கம்ப்யூட்டரும் வண்டி இப்பத்தான் ஸ்டார்ட் ஆகியிருக்குன்னு நினைச்சு ஊத்திக்கிட்டே இருந்திருக்கு. எந்த சென்சாரும் கெடல, எதுவும் பொய் சொல்லல. அதனால செக் இன்ஜின் லைட்டும் எரியல. ஸ்கேனர் வச்சுப் பார்க்கலாம்னா, ஓ.பி.டி.-2 நம்ம நாட்டுல கட்டாயமானதே 2013-லதான். 2006 ஆம்னியில அந்த சாக்கெட்டை எங்க தேடுறது?

அடைச்சுக் கிடந்த ரேடியேட்டரை சுத்தம் பண்ணி, புது வால்வு போட்டார். வால்வு விலை 500 ரூபாய்கூட இல்ல. முள் நடுவுல வந்து நின்னுச்சு. மைலேஜ் 14 ஆச்சு. புகைப் பரிசோதனையில பாஸ்.

இப்ப கணக்குக்கு வர்றேன். முதல் பட்டறைக்காரர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவர் ஒரு மணி நேரம் குனிஞ்சு பார்த்து, "இதுல கோளாறு இல்ல அண்ணாச்சி"ன்னு சொன்னா நாம என்ன கொடுப்போம்? டீ வாங்கிக் கொடுப்போம். அதே ஒரு சாமானை மாத்துனா அதுல லாபம், மாட்டுன கூலி. சாமானுக்கு எம்.ஆர்.பி.யைப் பேசாம எண்ணி வைக்கிற நாம, கூலியில நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுறோம். யோசிக்கிறதுக்குக் காசு இல்ல, மாத்துறதுக்கு மட்டும்தான் காசுன்னா யாரு யோசிப்பா? ஊகத்துல மாத்துறது லாபமாகுற மாதிரி சந்தையை உண்டாக்கி வச்சிருக்கிறதே நாமதான். டாக்டர் மாத்திரை எழுதாம "ஒண்ணுமில்ல, போங்க"ன்னு சொன்னாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். ஆடிட்டர் கணக்கு சரின்னு சொன்னாலும் கொடுக்கிறோம். மெக்கானிக்குக் கொடுக்க மட்டும் மனசு வரல.

'பார்க்கிற காசு'ன்னு ஆரம்பிச்சா அதுவும் ஒரு ஏமாத்து வேலை ஆகிராதான்னு கேட்பீங்க. ஆகலாம். அதுக்கும் வழி இருக்கு. காசு கொடுத்துட்டு நம்பரைக் கேளுங்க. பெட்ரோல் பிரஷர் எவ்வளவு, சென்சார்ல எத்தனை வோல்ட், சூட்டுல எத்தனை ஓம், வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் கார்பன் மோனாக்சைடு எவ்வளவுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்குங்க. வவுச்சர் இல்லாத செலவை எங்க காலேஜ்ல கணக்குல ஏத்த விடமாட்டாங்க. வண்டிக்கும் அதே விதிதான்.

கழட்டுன பழைய ஆக்சிஜன் சென்சார் இன்னும் எங்க வீட்டு அலமாரியில கிடக்கு. அதுவும் நல்ல சென்சார்தான். அப்பா இப்ப மார்க்கெட்டுல யாராவது வண்டி பெட்ரோல் குடிக்குதுன்னு புலம்பினா, "முதல்ல முள் எங்க நிக்குதுன்னு பாருங்கய்யா"ன்னு ஆரம்பிச்சிருதார். :-)

பி.கு: முள்ளைப் பார்க்கச் சொன்னேன்னு சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துராதீங்க. முகம் வெந்துரும்.