ஆயர் போட்ட கழித்தல் கணக்கு

"மதத் தலைவர்களுக்கு நாடுகளின் அரசியலில் என்ன வேலை?" என்று நம் கல்லூரிப் பட்டிமன்றத்தில் நண்பர் ஒருவர் முழங்கினார். "நம் செஞ்சிக் கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும் உண்டு, சாதத்துல்லா கான் மசூதியும் உண்டு. வழிபாடு அங்கே, அரசு முடிவு அரண்மனையிலே!" என்றார். கைதட்டல் அதிர்ந்தது. நானும் தட்டினேன். வீடு திரும்பும் பேருந்தில்தான் ஐயம் எழுந்தது.

நண்பர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இலங்கையைப் பாருங்கள். 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தந்தை செல்வாவும் தமிழர் உரிமை குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டனர். 1958 ஏப்ரலில் பௌத்த பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மக்களிடம் வாக்குப் பெற்றவர் செய்த முடிவை, வாக்கே கேளாதவர்கள் மாற்றிவிட்டார்கள். அங்கே தொடங்கிய துயரத்தின் ஒரு முனையைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு அகதிகள் முகாமே போதும்.

ஆனால் அதே தீவில் இன்னொரு காட்சியும் உண்டு. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், இலங்கை அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழுவின் முன் சென்றார். அவர் வேதத்தை விரிக்கவில்லை, எண்களை விரித்தார். அரசு அலுவலகக் கணக்குப்படி 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். போர் முடிந்து, 2009 ஜூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே? இறந்தார்கள் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. என்ன ஆனார்கள் என்றுதான் கேட்டார். கணிதம் படிக்கும் எனக்குத் தெரியும், இது மூன்றாம் வகுப்புக் கழித்தல். அதைப் போட்டுக் காட்டும் துணிவு எத்தனை பேருக்கு இருந்தது?

மறு ஆண்டு மார்ச்சில் அவரும் வடபகுதிக் குருமார் பலரும் ஐ.நா. மனித உரிமை மன்றத்துக்குக் கடிதம் எழுதினர். 22-ஆம் நாள் ஜெனீவாவில் இலங்கை குறித்த தீர்மானம் 24 வாக்குகளுடன் நிறைவேறியது, இந்தியாவும் ஆதரித்தது. கடிதத்தால்தான் அது வென்றது என்று சொல்லமாட்டேன். தீர்மானத்தைக் கொண்டுவந்தது அமெரிக்கா. அதற்கென்று ஒரு கணக்கு இருந்திருக்கும்!

ஐ.நா. சாசனத்தின் 71-ஆம் பிரிவு அரசு சாராத அமைப்புகளின் ஆலோசனையைக் கேட்க இடம் தருகிறது. மத அமைப்புகளும் அவற்றுள் அடங்கும். கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது. என் எண்ணத்தில் இதுவே தக்க எல்லை. பிக்குகள் அன்று கேட்டது வாக்குக்கும் மேலான தடையுரிமை. ஆயர் கேட்டது ஒரு விடை. இருவருக்கும் சேர்த்துக் கதவடைத்தால், பிள்ளையைக் காணோமென்று பங்குக் கோயிலில் வந்து அழும் தாயின் குரலை யார் ஜெனீவா வரை கொண்டுபோவார்?

ஆயர் 2021 ஏப்ரல் 1-ஆம் நாள் மறைந்தார். அந்தக் கழித்தலை என் நோட்டில் நானும் போட்டுப் பார்த்தேன். விடை சரியாகத்தான் வருகிறது.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்