வேற்காடும் அதன் நீரும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் கிராமத்து ஏரியின் மிகைநீரையும், கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றினின்று பிரியும் வெள்ளத்தையும் ஏந்திக் கிழக்கே வரும் கூவம் ஆறு, சென்னை மாநகருக்குள் புகுவதற்குச் சற்று முன்னர்த் தழுவிச் செல்லும் ஊர் திருவேற்காடு. தோற்றுவாயில் திருவிற்கோலமும் வழியில் வேற்காடுமாக, ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற ஸ்தலங்களைத் தன் கரையில் உடைய இந்த நதியைச் சாக்கடை என்றே அறிந்த ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டதை எண்ணுந்தோறும் மனம் வருந்துகிறது.

நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று வழிபட்டன என்பது இத்தலத்தின் ஐதிகம். இங்குள்ள சிவன் கோயிலின் மூலலிங்கத்தின் பின்னே, அகத்தியருக்கு இறைவன் காட்டியருளிய திருமணக்கோலம் விளங்குகிறது. அருகிலுள்ள குன்றத்தூரிலே பிறந்த சேக்கிழார், நதிக்கரை ஊராக இதனைப் பாடி, இங்கு அவதரித்த மூர்க்க நாயனாரின் சரித்திரத்தையும் உரைக்கிறார். அடியார்க்கு அமுதளித்தே நிலபுலன்களையெல்லாம் இழந்தவர், பின்னர்ச் சூதாடியேனும் அத்தொண்டை நடத்தி, எல்லோரும் உண்டபின் கடைப்பந்தியில் அமர்ந்து உண்டார். அத்தகைய அன்னதானத்தை ஓர் ஊர் தலைமுறைதோறும் தாங்க வேண்டுமானால், வயலும் வயலுக்கு நீர் வார்க்கும் ஏரியும் அதற்கு ஆதாரமாக நிற்க வேண்டும். வேற்காட்டின் பக்தியை வியப்பவர்கள் பலர். அதற்குச் சோறிட்ட நீர்நிலைகளை நினைப்பவர் சிலரே.

ஆடி மாதத்தில் தேவி கருமாரியம்மன் சந்நிதியை நாடி வரும் ஜனத்திரள் இந்நகரின் கீர்த்தியை நாடெங்கும் பரப்பியிருக்கிறது. ஆனால் திருவேற்காடு நகராட்சி என்பது கோயிலும் கடைவீதியும் மட்டுமன்று; கோலடி, அயனம்பாக்கம், நூம்பல், சுந்தரசோழபுரம் என்று ஏரியும் கழனியுமாக வாழ்ந்த கிராமங்களின் கூட்டம் அது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே ஜனத்தொகை 62 ஆயிரத்தைக் கடந்துவிட்டது. கழனிகள் மனைகளாயின, கோலடி ஏரியின் உட்புறத்திலேயே வீடுகள் எழுந்தன, கழிவுநீர் ஆற்றிலே கலக்கிறது. மழைநீருக்குரிய இடத்தை மனிதன் எடுத்துக்கொண்டால் நீர் மனிதனுடைய இடத்தைத் தேடி வரும் என்பதை 2015-ஆம் ஆண்டு வெள்ளம் சென்னைச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் காட்டிச் சென்றது.

இந்நகராட்சியை ஆவடி மாநகராட்சியோடு இணைக்கும் யோசனை எழுந்திருக்கிறது. இணைப்பினால் நிதி பெருகலாம். அதை நான் மறுக்கவில்லை. எனினும், எந்த மதகு அடைபட்டது, எந்தக் கலங்கல் மண்மூடியது என்றறிந்த உள்ளூர்ச் சபையின் பொறுப்பு, தொலைவிலுள்ள பெரிய அலுவலகத்தின் கோப்புகளிடையே மறைந்துவிடக் கூடாது. ஆகையால், இணைப்பைப் பற்றி முடிவு செய்யுமுன், ஆற்றின் இரு கரைகளையும் ஒவ்வோர் ஏரியின் பரப்பையும் வரத்துக் கால்வாயையும் அளந்து கல்நட்டு, அந்த வரைபடத்தை நகராட்சி வாசலிலே பொதுமக்கள் காண வைக்க வேண்டும்; ஏரிக்குள் குடியேறிவிட்ட ஏழைகளுக்கு மாற்றிடம் தந்தபின் அந்நிலத்தை நீருக்கே மீட்டளிக்க வேண்டும்; கழிவுநீருக்கு வழி காட்டாத எந்தப் புதிய மனைப்பிரிவுக்கும் அனுமதி வழங்கலாகாது.