அஞ்சரைக் கட்டையும் ஒரு ப்ளஸ் பட்டனும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. தீசிஸ், பார்ட் டைம் வேலை, ரெண்டு பக்கமும் ஆணி அதிகம். இப்போ வந்ததே ஒரு சண்டையோடதான். யாரோடவும் இல்லை, மென்பொருளோட.

பாட்டோட கார்டுகளை வேற சுருதிக்கு மாத்திக் குடுக்குற மென்பொருள்கள் நிறைய இருக்கு. போன்ல ஆப், கணினில நிரல், இணையத்துல பக்கம். எல்லாத்துலயும் ஒரு ப்ளஸ், ஒரு மைனஸ். தட்டினா அரைச்சுரம் ஏறும், இறங்கும். என் புகார் ஒண்ணே ஒண்ணுதான். எவ்வளவு ஏத்தணும்னு கேக்குற இந்த மென்பொருள்ல ஒண்ணு கூட, யாரு பாடப் போறாங்கன்னு கேட்டு நான் பார்த்ததில்லை.

கிடார் பக்கமே போகாத மக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சுரங்கள் மொத்தம் 12, கடிகாரம் மாதிரி வட்டமா நிக்கும். பாட்டை ரெண்டு அரைச்சுரம் ஏத்தணும்னா எல்லா கார்டையும் ரெண்டு மணி தள்ளி வைக்கணும், அவ்ளோதான். சி இருந்த இடத்துல டி, ஜி இருந்த இடத்துல ஏ. முதல் செமஸ்டர் பையன் கூட ஒரு சாயங்காலத்துல எழுதிடலாம். அதனாலதான் ஆளாளுக்கு எழுதி வச்சிருக்காங்க, அதனாலதான் பாதி தப்பா இருக்கு. எஃப் சுருதிப் பாட்டுல பி ஃப்ளாட்னு வரவேண்டிய இடத்துல ஏ ஷார்ப்னு போட்டுக் குடுக்கும். காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அந்த சுருதில ஏ ஏற்கனவே ஒரு தடவை இருக்கு, பி-யே இல்லாமப் போயிடும். வேகமா வாசிக்கிறவன் கண்ணு தடுக்கி விழுற இடம் அது.

இங்க ஜெர்மனில இன்னொரு கூத்து. இவங்க ஊர்ல நம்ம பி-க்கு எச்னு பேரு. வெறும் பி-ன்னு எழுதினா அது பி ஃப்ளாட். எனக்கு இது தெரியாது. போன வருஷம் விடுதி சமையலறைல ஒரு ஜெர்மன் பையன்கிட்ட டி சுருதில ஒரு பாட்டுத் தாளை நீட்டினேன். டி, பி மைனர், ஜி, ஏ. அவன் டி வாசிச்சான், சரி. அடுத்ததா நிஜமாவே பி ஃப்ளாட் மைனர் வாசிச்சான். பாத்திரம் கழுவிட்டு இருந்த சீனப் பொண்ணு திரும்பிப் பார்த்தா :-) அப்புறம் அவனே பெருந்தன்மையா தாள்ல எச்னு திருத்திக் குடுத்தான். அதை அப்படியே என் ஆப்ல அடிச்சு ரெண்டு ஏத்தினா, எல்லா கார்டும் மாறுது, எச் மைனர் மட்டும் பிடிச்சு வச்ச பிள்ளையாரா அங்கேயே நிக்குது. அதுக்கு எச்னா என்னன்னே தெரியலை. தெரியலைன்னு சொல்லவும் இல்லை.

நிற்க. இனி கொஞ்சம் கொசுவத்தி.

எங்க சித்தப்பா ஊர்ல ஒரு மெல்லிசைக் குழுவுல கிடார் வாசிச்சவர். கல்யாணம், கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழா. அவர் பாட்டெல்லாம் முதல்ல நோட்டுல இருந்தது, அப்புறம் ஒரு டிடிபி சென்டர்ல உக்காந்து அவரே பாமினி எழுத்துருல அடிச்சு வச்சார். மேல் வரில கார்டு, கீழ் வரில பாட்டு. அவர் போய் நாலு வருஷமாச்சு. சித்தி பென் டிரைவை என்கிட்ட குடுத்து, "நீதானே கம்ப்யூட்டர் படிக்கிற, எதாச்சும் பண்ணு"ன்னாங்க.

பாமினி தெரிஞ்சவங்களுக்கு இப்பவே சிரிப்பு வந்திருக்கும். அதுல தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தோட இடத்துல உக்காந்திருக்கும். யூனிகோடுக்கு மாத்துற நிரல்ல கோப்பை அப்படியே போட்டா, பாட்டு அழகா தமிழாயிடும். கூடவே கார்டும் தமிழாயிடும்! ஜி இருந்த இடத்துல 'பு'. டி இருந்த இடத்துல 'னு'. ஏ மைனர் 'யுஅ'வா ஆயிடுச்சு. ஒரு பாட்டு முழுக்க மேல் வரில பு, னு, யுஅ, பு. சித்தப்பா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்.

அதுக்கு ஒரு சின்ன நிரல் எழுதி, கார்டு மட்டும் இருக்கிற வரியைத் தனியா பிரிச்சேன். அடுத்த தலைவலி இடைவெளி. கார்டு எந்த எழுத்து மேல வரணும்ங்கிறதை ஸ்பேஸ் தட்டித் தட்டி வச்சிருக்கார். எழுத்துரு மாறினதும் எல்லாம் நகர்ந்து போச்சு. ஆங்கிலத்துக்காவது எல்லா எழுத்தும் ஒரே அகலத்துல எழுத்துரு இருக்கு. நம்ம 'ணை'யையும் 'ர'வையும் ஒரே அகலத்துல அடைக்கவா முடியும்? ஒவ்வொரு பாட்டையும் பாடிப் பார்த்துத்தான் கார்டை இடத்துல வச்சேன்.

இந்த இடத்துலதான் கார்ட்புரோங்கிற வடிவத்து மேல எனக்கு மரியாதை வந்துச்சு. 1990களின் தொடக்கத்துல மார்ட்டின் லெக்லெர்க், மாரியோ டோரியான்னு ரெண்டு பேர் எழுதின 'கார்ட்'ங்கிற நிரல்ல இருந்து வந்தது. கார்டை மேல் வரில வைக்காம, பாட்டு வரிக்குள்ளேயே, அந்த அசைக்கு முன்னாடி சதுர அடைப்புக்குறில போட்டுடுவாங்க. எழுத்துரு மாறினாலும் கார்டு நகராது. வெறும் உரைக் கோப்பு, எதுல வேணா திறக்கலாம். தமிழுக்கு ஒரே எச்சரிக்கை, அடைப்புக்குறி எழுத்துக்கு நடுவுல விழுந்துடக் கூடாது. விழுந்தா உயிர்க்குறி மட்டும் தனியா புள்ளி வட்டத்தைக் கட்டிக்கிட்டு நிக்கும்.

இதெல்லாம் தெரியறதுக்கு முன்னாடி நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். முதல்ல எண்பது பாட்டை ஒரு அழகான ஆப்ல ஏத்தினேன். பளபளன்னு இருந்தது. ஆறு மாசத்துல கடையைச் சாத்துறோம்னு மின்னஞ்சல். வெளிய எடுக்க வழி? பிடிஎஃப் மட்டும். அதுலயும் நான் கடைசியா எந்த சுருதில வச்சிருந்தேனோ அதான் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்புக்கு மேல சித்தப்பா எழுதி வச்சிருந்த முதல் வரியைக் காணோம். அந்த ஆப்புக்கு அது தலைப்பும் இல்லை, பாட்டும் இல்லை, கார்டும் இல்லை. தூக்கிப் போட்டுடுச்சு.

பென் டிரைவுல மூலம் இருந்ததால தப்பிச்சேன். அந்த முதல் வரில இருந்தது கட்டைக் கணக்கு. நம்ம ஊர்ல சுருதியை அப்படித்தானே சொல்லுவோம்? ஒரு கட்டை சி, ரெண்டு டி, நாலு எஃப், அஞ்சு ஜி, அஞ்சரை ஜி ஷார்ப். (மூன்றரைக் கட்டை கிடையாது, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கறுப்புக் கட்டையே இல்லை. புதுசா வர்றவனை மூன்றரைல வாசின்னு கலாய்க்கறது குழுவுல வழக்கமாம்.) ஒரு பாட்டுல இப்படி இருந்தது: "டீச்சர் 5½". அதுக்குப் பக்கத்துல "5". அதுக்கும் பக்கத்துல "4½, இனி இதுதான்".

சித்திகிட்ட போன்ல கேட்டேன். "அது பத்தாம் நம்பர் தெரு டீச்சர்டா. பதினஞ்சு வருஷம் அந்தப் பாட்டை அவங்கதான் பாடுவாங்க. தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் மேல எட்டலை. மேடைல யாருக்கும் தெரியாம உங்க சித்தப்பா எறக்கிக் குடுப்பாரு"ன்னாங்க.

மென்பொருளுக்கு இது மைனஸ் டூ. ஜி ஷார்ப்ல இருந்து எஃப் ஷார்ப். கணக்கு சரிதான். ஆனா பழைய சுருதி எதுன்னு கூட வச்சுக்காம மேலேயே எழுதிட்டுப் போயிடுது. யாருக்காக இறக்கினோம்னு எழுத ஒரு பெட்டி குடுத்தா என்ன செலவாயிடும்? "பாடகர் ஆயிரம் பேர் இருக்கலாம், பாட்டு ஒண்ணுதானே"ன்னு எங்க ஆய்வகத்து நண்பன் வாதாடறான். அவன் பாத்ரூம்ல கூடப் பாடினதில்லை, மன்னிச்சு விட்டுட்டேன்.

இப்போ எல்லாத்தையும் கார்ட்புரோவுக்கு மாத்திட்டு இருக்கேன். அதுல நம்ம இஷ்டத்துக்கு ஒரு குறிப்பு வரி சேர்த்துக்கலாம். கட்டைன்னே தமிழ்ல பேர் வச்சு, சித்தப்பா எழுதினதை ஒரு எழுத்து மாத்தாம போட்டிருக்கேன். அடிச்சுத் திருத்தின அஞ்சரையும் சேர்த்து. 41 பாட்டு முடிஞ்சது. இந்தப் பொங்கலுக்கு இங்க தமிழ்ச் சங்கத்துல டீச்சர் பாட்டைப் பாடப் போறது மதுரைக்காரப் பொண்ணு ஒருத்தி, அவளுக்கு ஆறு கட்டையாம். நாலரைக்குப் பக்கத்துல அதையும் எழுதியாச்சு.

பி.கு: பாமினில இருக்கிற பழைய பாட்டுத் தாள் யார் வீட்டுலயாவது கிடந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே, கார்டு வரியைப் பிரிக்கிற அந்த நிரலை அனுப்பறேன். 'பு, னு, யுஅ'ன்னு கிடார் வாசிக்க ஆசைப்படறவங்களுக்கு அது தேவையில்லை.