பிள்ளை உடுப்புக்கு எந்தச் சவர்க்காரம்? முதலில் கடைசித் தண்ணீரைப் பாருங்கள்



பிறந்த பிள்ளையின் உடுப்பை எதில் கழுவுவது என்ற கதை எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வரும். யாராவது ஒரு டீச்சர் பிரசவ லீவு முடிந்து வருவார். பிள்ளையின் கழுத்தில் சிவந்திருக்கிறது என்பார். உடனே ஆளுக்கொரு பெயர் சொல்வோம். "அந்தப் பவுடரை விடுங்க, இந்த லிக்விட்ட எடுங்க" என்று ஒருவர். "வெளிநாட்டுப் போத்தல்தான் நல்லம்" என்று இன்னொருவர். வீட்டுக்குப் போனால் மாமி ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அன்ரி வேறொன்று சொல்வார். கடைசியில் அந்தத் தாய்க்கு மிஞ்சுவது ஒரே ஒரு எண்ணம்தான்: 'நான் சரியா கழுவல்ல போல.'

இந்த எண்ணத்தை ஒரு தாயின் தலையில் ஏற்றுவதை நாங்கள் நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

எங்கள் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். என்ன பெயர் போட்ட போத்தல் என்பதை விட, எவ்வளவு போடுகிறோம், எத்தனை தடவை அலசுகிறோம் என்பதுதான் பிள்ளையின் தோலுக்கு முக்கியம். வாசம் குறைந்தது நல்லது. வாசமே இல்லாதது கிடைத்தால் இன்னும் நல்லது. உடுப்பு விஷயத்தில் நாங்கள் உண்மையாகப் பயப்பட வேண்டிய பொருள் ஒன்று அலுமாரிக்குள் இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறோம்.

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளில் பாருங்கள், கொட்டாஞ்சேனையில் பாருங்கள். 'பேபி' என்று எழுதி, குழந்தைப் படம் போட்ட போத்தல்கள் தனித் தட்டில் இருக்கும். அதில் தப்பில்லை. சில உண்மையிலேயே மென்மையானவைதான். ஆனால் 'பேபி' என்ற சொல் தன்னளவில் எந்த உத்தரவாதமும் இல்லை. போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் வாசியுங்கள். வாசனை சேர்த்திருக்கிறதா? சாயம் சேர்த்திருக்கிறதா? இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா? யார் தயாரித்தது, எப்போது தயாரித்தது என்று தெளிவாக இருக்கிறதா? பிறகு விலையை மில்லிலீட்டரால் வகுத்துப் பாருங்கள். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. சில போத்தல்களில் நாங்கள் அந்தப் படத்துக்கும் வாசத்துக்கும்தான் கூடுதலாகக் காசு கொடுக்கிறோம் என்பது அப்போது விளங்கும். விலைகள் ஏறியிருக்கும் இந்தக் காலத்தில், பால்மாவுக்கும் பெம்பஸுக்கும் கணக்குப் பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கிராண்ட்பாஸில் லீவர் பிரதர்ஸ் கம்பனி 1938 இல் சவர்க்காரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. எங்கள் உம்மம்மாமாரின் காலத்தில் பிள்ளை உடுப்புக்கென்று தனிப் போத்தல் எதுவும் இல்லை. வீட்டுக்குப் பாவித்த அதே கட்டிச் சவர்க்காரம்தான். ஆனால் அவர்களிடம் வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, வாளி வாளியாகத் தண்ணீர். மற்றது, நல்ல வெயில். தண்ணீர் தெளியும்வரை அலசினார்கள், முறுகக் காயவிட்டார்கள். பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் செய்ததில் பிள்ளைக்கு உதவியது எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

காரணம் பாடசாலை விஞ்ஞானம்தான். எங்கள் தோலின் மேற்பரப்பு கொஞ்சம் அமிலத்தன்மை உடையது, பி.எச். சுமார் 5.5. பிறந்த பிள்ளைக்கு அந்த அமிலப் பாதுகாப்பு முதல் சில வாரங்களில்தான் படிப்படியாக உருவாகிறது. சாதாரண சவர்க்காரமோ காரத்தன்மை உடையது; பி.எச். 9 முதல் 10 வரை. பிள்ளையின் தோல் மெல்லியது. உடல் எடையோடு பார்த்தால் பெரியவர்களை விட அதற்குத் தோலின் பரப்பும் கூட. அதனால் துணியில் தங்கிய சவர்க்காரம், வியர்வையில் நனைந்து, கழுத்திலும் இடுப்பு இலாஸ்டிக்கிலும் உரசும்போது எரிச்சல் வரலாம். விலை கூடிய லிக்விட் துணியில் தங்கினாலும் இதே கதைதான். என்சைம் சேர்த்த பவுடர் கூடவே கூடாது என்றும் சொல்வார்கள். நன்றாக அலசிய துணியில் அதைப் பற்றி அவ்வளவு பயம் தேவையில்லை. அலர்ஜிக்குக் காரணமாவதில் வாசனைப் பொருட்களுக்குத்தான் முன்வரிசை.

கொழும்புக்காரர் கவனிக்க வேண்டிய இன்னொன்று. எங்களுக்குக் குழாயில் வருவது லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், அம்பத்தளையில் சுத்திகரித்த களனி ஆற்றிலிருந்தும் வரும் தண்ணீர். இது மென்நீர். கொஞ்சம் சவர்க்காரத்துக்கே நுரை பொங்கும். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் பூமியின் கிணற்றுத் தண்ணீர் வன்நீர். அங்கே நுரை இலேசில் வராது, சவர்க்காரம் கூடத் தேவைப்படும். அங்கிருந்து இங்கே வந்து குடியேறியவர்களும், சாச்சி சொன்ன அளவு, மச்சி சொன்ன அளவு என்று கேட்டுப் போடுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். இங்கே அளவைக் குறைக்கலாம். பிள்ளையின் சின்ன உடுப்புகளுக்குப் பெரிய மூடி நிறைய ஊற்றத் தேவையே இல்லை.

அலசியது போதுமா என்று பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை. கழுவி முடித்த ஒரு துணியை, கண்ணாடிப் பாத்திரத்தில் சுத்தமான தண்ணீர் எடுத்து, அதில் போட்டு நன்றாகக் கசக்குங்கள். தண்ணீர் பால்போல் மங்கினாலோ மேலே நுரை நின்றாலோ சவர்க்காரம் இன்னும் துணியில் இருக்கிறது. இன்னொரு தடவை அலசுங்கள், அடுத்த முறை அளவைக் குறையுங்கள். வோஷிங் மெஷின் என்றால் அதை முட்ட முட்ட நிரப்ப வேண்டாம். மேலதிகமாக அலசும் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். சிறுநீர், மலம் பட்ட துணியை முதலில் தனியாகத் தண்ணீரில் அலசிவிட்டு மற்ற உடுப்போடு சேர்ப்பது எங்கள் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பழக்கம். நஜீஸ் போவதற்காக நாங்கள் எடுக்கும் அந்தக் கவனத்தைச் சவர்க்காரம் போவதற்கும் எடுத்தால் போதும்.

புது உடுப்பை உடுத்துவதற்கு முன் ஒரு தடவை கழுவிவிடுங்கள். கடைப் பசையும் சாயமும் போகட்டும். பாடசாலைப் பிள்ளைகளும் கைக்குழந்தையும் உள்ள வீடுகளில், வெள்ளைச் சீருடைக்குப் போடும் வெளிற்றும் திரவமும் நீலமும் குழந்தையின் உடுப்புக்கு வேண்டாம். சீருடை வேறு வாளி, பிள்ளை உடுப்பு வேறு வாளி. டெட்டோல் போன்ற கிருமிநாசினியை ஒவ்வொரு நாளும் கடைசித் தண்ணீரில் ஊற்றுவதும் அவசியமில்லை. வீட்டில் தொற்றுநோய் எதுவும் இல்லையென்றால் சவர்க்காரமும் வெயிலும் போதும். துணியை மென்மையாக்கும் வாசத் திரவம் துணி நெப்பியின் நீர் உறிஞ்சும் தன்மையையே குறைத்துவிடும். பிறகு நெப்பி எதற்கு?

மழைக்காலத்தில் பிரச்சினை வேறு. ஒக்டோபர், நவம்பரில் வெள்ளவத்தை மாடி வீடுகளின் பல்கனியிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் துணி காய்வது பெரும் பாடு. ஈர வாடை வரும். அந்த வாடையை மறைக்கத்தான் பலர் வாசத் திரவத்தைக் கூட்டுகிறார்கள். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுங்கள், மின்விசிறிக்குக் கீழே இடைவெளி விட்டுக் காயவிடுங்கள், கடைசியில் ஒரு தடவை அயர்ன் பண்ணுங்கள். வாடை போய்விடும்.

பிள்ளைக்குச் சிவந்தால் எல்லாப் பழியையும் சவர்க்காரத்தில் போட வேண்டாம், தாயில் போடவே வேண்டாம். பிறந்த முதல் சில நாட்களில் வரும் சிவந்த புள்ளிகள் பல பிள்ளைகளுக்கு வந்து தானாகவே போய்விடும். கொழும்பு வெக்கையில், நாற்பது முடியும்வரை போர்த்திப் போர்த்தி வைக்கும் பிள்ளைக்கு வேர்க்குரு வராமல் என்ன செய்யும்? பெம்பஸுக்குள் மட்டும் சிவந்திருந்தால் அங்கே உடுப்பு படுவதே இல்லை. காரணம் ஈரமும் உரசலும்தான். உடுப்பு இறுக்கிப் படும் இடங்களில் மட்டும் சிவந்திருந்தால் சவர்க்காரத்தைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் அளவைக் குறைத்து, கூட ஒரு தடவை அலசிப் பாருங்கள். சீழ்க் கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது என்று ஏதாவது இருந்தால் பேஸ்புக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உடனே வைத்தியரிடம் போங்கள். மற்றச் சந்தேகங்களை வீட்டுக்கு வரும் மிட்வைப்பிடம் கேளுங்கள். அதற்குத்தான் அவர் வருகிறார்.

இப்போது அலுமாரிக்கு வருவோம்.

மூத்த பிள்ளையின் உடுப்புகளை மடித்து, பூச்சி அரிக்காமலிருக்க வெள்ளைப் பூச்சி உருண்டை போட்டு, இரண்டு மூன்று வருடம் பத்திரமாக வைத்திருப்போம். அடுத்த பிள்ளை பிறந்ததும் எடுத்து, உதறி, உடுத்திவிடுவோம். இது ஆபத்து. அந்த உருண்டைகளில் பல நப்தலின் என்ற இரசாயனத்தால் செய்தவை. அந்த மணமே நப்தலின் ஆவிதான். ஜி6பிடி என்ற நொதியம் குறைவான பிள்ளைகளுக்கு இந்த ஆவி மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ போனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சட்காமாலை வரலாம். அது மூளையைப் பாதிக்கும், உயிரையும் பறிக்கும். இந்தக் குறைபாடு பரம்பரையாக வருவது, ஆண் பிள்ளைகளில் கூடுதல், எங்கள் நாட்டிலும் இருக்கிறது. பெரும்பாலான பெற்றோருக்குத் தங்கள் பிள்ளைக்கு அது இருப்பது வெளியே தெரியாது. நப்தலின் எண்ணெயில் கரையும் பொருள். நாங்களோ பிள்ளைக்கு எண்ணெய் பூசித்தான் உடுத்துகிறோம்.

ஆகவே பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம். உடுப்பிலும் வேண்டாம், தொட்டில் துணியிலும் வேண்டாம், பிள்ளை படுக்கும் அறை அலுமாரியிலும் வேண்டாம். இரவல் வாங்கிய உடுப்பில் அந்த மணம் இருந்தால் பிள்ளைக்குப் போடாதீர்கள். பிள்ளையின் கண்ணும் தோலும் மஞ்சளித்தால், சிறுநீர் கடும் நிறமாகப் போனால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் பூச்சி உருண்டை பாவித்திருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த ஒரு தகவல் அவருக்கு வழிகாட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. லேபல் இல்லாமல் தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி விற்கும் மலிவு லிக்விட்டுகளை வாங்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தவழும் பிள்ளைக்கு அது குடிக்கும் போத்தல் மாதிரித்தான் தெரியும். பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். ஆலோசனை கேட்கக் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. கடையில் லேபல் இல்லாத பொருள் கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் முறையிடலாம்.

கடைசியாக, பிள்ளை பார்க்கப் போகும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நாங்கள் கொண்டுபோகும் பரிசுப் பொதியில் பெரும்பாலும் கொலோனும் பவுடரும் வாசச் சவர்க்காரமும்தான். பிறகு பிள்ளையைத் தூக்கி, "வாசமே இல்லையே, என்ன போடுறீங்க?" என்று கேட்கிறோம். அந்தத் தாய் அடுத்த நாளே போய் வாசம் வாங்குகிறார். பிள்ளைக்கு வாசம் தேவையில்லை உறவுகளே. அடுத்த முறை மெல்லிய பருத்தித் துணி நாலு எடுத்துப் போங்கள். ஒரு நல்ல வாளி, கிளிப் ஒரு பெட்டி எடுத்துப் போங்கள். அதைவிட நல்லது, "இன்றைக்கு உடுப்ப நாங்க கழுவித் தாறோம்" என்று சொல்லுங்கள்.

வாப்பாமாரே, நானாமாரே, இந்தப் பதிவை வீட்டிலுள்ள பெண்களுக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அலசுவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பிரசவம் கண்ட உடம்போடு குனிந்து குனிந்து வாளி தூக்குகிற ஒருவருக்கு, இரண்டாவது வாளித் தண்ணீரை நீங்கள் தூக்கிக் கொடுத்தாலே பிள்ளையின் தோலுக்கும் தாயின் இடுப்புக்கும் சேர்த்துச் செய்த உதவி.

இன்றிரவே அலுமாரியைத் திறந்து பாருங்கள். பூச்சி உருண்டை இருந்தால் எடுத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அல்லாஹ் எங்கள் எல்லோரின் பிள்ளைகளுக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.

பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள். இம்மாதம் பிள்ளை பிறக்க இருக்கும் வீடு ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள்.