எழுந்து போனவர்களுக்கும் ஒரு கடிதம்



மகளிர் சிறப்பிதழுக்குக் கொரோனாக் கால அனுபவங்களைக் கேட்டிருந்தோம். லாக்டவுன் சமையலும், ஊருக்கு ரயில் பிடித்த பாடும்தான் வந்து குவிந்தன. கல்யாண் மேற்கிலிருந்து ஒரு சகோதரி மட்டும், தான் வழக்கமாகப் போகும் பார்லரில் வேலை பார்த்த மணிப்பூர்ப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். 2020 மார்ச், ரயில்கள் நிற்பதற்குச் சில நாள் முன்பு. மும்பை லோக்கலின் லேடீஸ் டப்பாவில் நாலாவது சீட்டில் அந்தப் பெண் ஒண்டி உட்கார்ந்ததும், மற்ற மூன்று பேரும் எழுந்துவிட்டார்களாம். கல்யாண் ஃபாஸ்டில் கிடைத்த சீட்டை ஒருவர் தானாக விடுகிறார் என்றால், அது எப்பேர்ப்பட்ட அருவருப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வடகிழக்கு மக்களைத் தொற்றோடு சேர்த்து இழிவுபடுத்துவதைத் தடுக்கும்படி மார்ச் 21 அன்றே மத்திய உள்துறை மாநிலங்களுக்கு எழுதியது. மறுநாள் மாலை நாடே மாடியில் நின்று கைதட்டியது. அன்றிரவே டில்லி விஜய் நகரில் ஒரு மணிப்பூர்ப் பெண்ணின் மேல் பான் எச்சிலைத் துப்பி, ‘கொரோனா’ என்று கூவிவிட்டுப் போனான் ஒருவன். ஏப்ரலில் நம் சாந்தாகுருஸ் பக்கமும் ஒரு மணிப்பூர்ப் பெண்மேல் மோட்டார் சைக்கிளில் வந்தவன் துப்பினான்.

சீன முகம் என்றால் எங்கும் இதே கதிதான். அமெரிக்காவில் ஆசியர்மீதான வெறுப்புச் சம்பவங்களைத் திரட்டிய அமைப்புக்கு முதல் ஓராண்டில் வந்த புகார்களில் 68 சதவீதம் பெண்கள் சொன்னவை. பெண் என்றால் திருப்பி அடிக்கமாட்டாள் என்ற தைரியம்தான், வேறென்ன?

அறுபதுகளில் இதே மும்பையில் ‘லுங்கி’ என்று விரட்டப்பட்ட தமிழர்கள் நம் பெரியவர்கள். 2020 ஏப்ரலில் தாராவியில் முதல் நோயாளி தெரியவந்ததும், ‘தாராவியா? வேலைக்கு வராதே’ என்ற பேச்சைக் கேட்க நேர்ந்தவர்களும் நம்மவர்களே. ஆனால் அந்த டப்பாவில் எழுந்த மூன்று பேரில் இருவர் தமிழில்தான் பேசிக்கொண்டார்களாம். கடிதத்தில் என்னைத் தைத்த வரி அது.

அடுத்த இதழில் இதற்காகவே இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பட்டவர்கள் எழுதுங்கள். எழுந்து போனவர்களும் எழுதுங்கள். பெயர் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்