கவசம் யாருடையது? பேர் யாருக்கு?

சிவனொளிபாத மலைக்கு ஹட்டன் வழியாக வரும் யாத்திரிகர் பேருந்தை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கும் ஊர் நல்லதண்ணி. டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடியும் யாத்திரைப் பருவத்தில், அவ்வூரின் தெருவோரக் கடைகளிலே கம்பளித் தொப்பிகளுக்கும் இனிப்புப் பொட்டலங்களுக்கும் நடுவே விளையாட்டுப் பொருள்கள் தொங்கும். அவற்றுள் இரும்பு முகமூடி அணிந்த வீரனும் ஒருவன். தோட்டத்துப் பிள்ளையின் புத்தகப் பையிலும் சட்டையிலும் அவன் வந்து குடியேறி வெகு காலமாகிவிட்டது. வானத்திலே பறப்பான்; கையிலிருந்து ஒளி பாய்ச்சுவான்; மலையளவு உருவெடுத்து நெருப்புக் கக்கி வரும் பறவை நாகத்தை ஒற்றையாளாக நின்று வீழ்த்துவான்.

"இது பிள்ளை விளையாட்டு. இதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா?" என்று நண்பர் சிலர் கேட்கிறார்கள். வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். வாக்குச் சீட்டு ஒருவன் கைக்குப் பதினெட்டு வயதிலே வருகிறது. கதை அவன் காதுக்கு மூன்று வயதிலேயே வந்துவிடுகிறது. ஆபத்து எது, அதை எதிர்ப்பவன் யார், எதிர்க்கும்போது மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவன் பெறும் முதல் விடை கதையின் விடைதான்.

இரும்பு வீரனின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்ப்போம். அயன் மேன் என்ற பெயரில் அவன் அமெரிக்கச் சித்திரக் கதை ஏட்டில் தோன்றிய ஆண்டு 1963. கவசத்தின் சொந்தக்காரன் டோனி ஸ்டார்க் ஓர் ஆயுத உற்பத்தி முதலாளி. அவனுக்குக் கவசம் பிறந்த இடம் வியட்நாம். தன் ஆயுதங்களைச் சோதித்துப் பார்க்கப் போன முதலாளி அங்கே காயமுற்றுக் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களிடம் சிறைப்படுகிறான். தப்புவதற்காகக் கவசம் செய்கிறான். தன் நாட்டுக்காகப் போராடிய வியட்நாமியன் கொடியவன். கடல் கடந்து ஆயுதம் விற்க வந்தவன் வீரன்! அவன் பின்னாளில் எதிர்கொண்ட பறவை நாகத்தின் கதையும் இதே அச்சில் வார்த்ததே. பின் பாங் பூம் என்னும் அப்பூதம் 1961 இல் அதே நிறுவனத்தின் ஏட்டில் முதன்முதலாக வந்தபோது, தைவான் இளைஞன் ஒருவன் அதை உறக்கத்திலிருந்து எழுப்பிச் செஞ்சீனப் படையின் மீது ஏவிவிடுவதாகக் கதை கட்டப்பட்டிருந்தது. 1991 இல் கவச வீரனும் அப்பூதமும் மோதினர். சீன மக்கள் மழைக்கும் வளத்துக்கும் அடையாளமாகப் போற்றிய ஒரு வடிவம், மேற்கத்திய வணிகரின் கையில் உலகை அழிக்க வரும் கீழ்த்திசைப் பூதமாகிவிட்டது. ஆபத்து எது என்ற கேள்விக்குக் கதை சொல்லும் விடை இது: ஆபத்து என்பது அயலான்.

இந்த விடை புதியதும் அன்று. குதிரை மீதமர்ந்து பறவை நாகத்தைக் குத்தும் புனித ஜோர்ஜ் இங்கிலாந்தின் காவல் புனிதர். அவருடைய அந்த உருவம் 1817 முதல் ஆங்கிலேயத் தங்க நாணயத்தில் பொறிக்கப்பட்டு வந்திருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் இன்றும் எட்டுக் கிராம் தங்கத்தைப் 'பவுன்' என்கிறார்களே, அந்த அளவு அந்நாணயத்தின் எடையிலிருந்து வந்தது. தோட்டத்துத் தாய் தன் ஒற்றைப் பவுனை அடகு வைத்து மகனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டும்போதும், கண்ணுக்குத் தெரியாமல் அந்தக் குதிரை வீரன் அங்கே வந்து நிற்கிறான். அந்நாணயத்தை அச்சிட்ட அரசுதான் இம்மலைகளைக் காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் திறந்துவிட்டது. காட்டை வென்றவர் என்று துரைமாரின் பெயர்கள் நூல்களிலே இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்து, காலராவிலும் காய்ச்சலிலும் வழியோரம் விழுந்தவர்களின் பெயர்களை எந்த நூலில் தேடுவது?

இனி, இக்கதைகளில் நம்மை மிகவும் சிந்திக்கச் செய்யும் பகுதிக்கு வருவோம். 1983 இல் முதலாளி ஸ்டார்க் மதுவில் மூழ்கிச் செயலற்றுப் போகிறான். கவசத்தை அணிந்து போரிட வேறோர் ஆள் தேவைப்படுகிறது. வருகிறவன் ஜேம்ஸ் ரோட்ஸ். முதலாளியிடம் விமானம் ஓட்டும் வேலை பார்க்கும் கறுப்பின மனிதன். வியட்நாம் போரில் பணியாற்றித் திரும்பியவன். அடி அவன் வாங்குகிறான். உயிரை அவன் பணயம் வைக்கிறான். முகமூடிக்குள் இருப்பவன் மாறிவிட்டான் என்பது உலகத்துக்குத் தெரியாது. புகழ் பழைய பெயருக்கே சேருகிறது. ஏறத்தாழ இரண்டாண்டுக்குப் பின், முதலாளி தெளிவடைந்ததும் வீரன் என்ற இடம் அவனுக்கே திரும்பிப் போகிறது.

மலையகத்து வாசகருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். பெரட்டுக் களத்திலே நின்று, மலையேறி, அட்டைக் கடிக்கும் மழைக்கும் ஈடுகொடுத்துக் கொழுந்து பறித்தாலும், குறித்த கிலோ நிறையவில்லையென்றால் அரைப் பேர்தான். உழைத்தவளுக்கு அரைப் பேர். பெட்டியின் மேல் அச்சாகும் முழுப் பேர் கம்பனிக்கு. ரோட்ஸின் கதை அமெரிக்கப் பத்திரிகையிலே கற்பனை. இங்கே அது செக்ரோல் புத்தகம்.

இதோடு நின்றாலும் போதாது. அந்நியச் சித்திரக் கதையைத் திட்டிவிட்டுக் கைகழுவுவது எளிது. நமக்காகக் கவசம் பூண்டு போரிட ஒருவன் வருவான் என்ற எண்ணம் நம் பொது வாழ்வையே எவ்வளவு ஆட்டிப் படைத்திருக்கிறது என்று பார்ப்பதே கடினம்; பயனுடையதும் அதுவே.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு உறுப்பினர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களைத் தேர்ந்தெடுத்த மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தமிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று கணக்கு முடிந்தது. இரு பெரும் வீரர்கள் மேசைக்கு இருபுறமும் அமர்ந்தார்கள். எண்ணிக்கையாகிப் போனவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. 2024 மே தினத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று கொட்டகலை மேடையிலே முழங்கினார்கள். கைதட்டல் மலையில் எதிரொலித்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயில் வந்து நின்றது. மேடையில் பறவை நாகம் செத்தது. மலையில் அது சௌக்கியமாகவே இருந்தது.

"தலைமை இல்லாமல் இயக்கம் உண்டா? தலைவர்கள் பெற்றுத் தந்த உரிமைகளை மறக்கலாமா?" என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. தலைமையை நாம் மறுக்கவில்லை. பிரதிநிதி வேறு, பதிலாள் வேறு என்கிறோம். பிரதிநிதி நம்மிடம் கேட்டுப் பேசுகிறவன். பேசியதை நம்மிடம் வந்து கணக்குச் சொல்கிறவன். பதிலாளோ, "நீங்கள் வீட்டிலிருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறவன். குடியுரிமையையே எடுத்துக்கொள்வோம். 1986 தொடக்கத்தில் நடந்த பிரார்த்தனைப் போராட்டம் தலைவர் தொண்டமானின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. அவருடைய சாதுரியத்தை மறுப்பதற்கில்லை. ஆயின் கொழும்பு அரசை அசைத்தது எது? ஆயிரமாயிரம் தொழிலாளர் மலைக்குப் போகாமல் அமர்ந்திருந்ததால் செடியிலேயே முற்றிப்போன கொழுந்துதான். அந்த ஆண்டே நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது. கவசம் தலைவருடையதாக இருக்கலாம். அதற்குள் இருந்த வலிமை மலையில் பிறந்தது.

இந்த உண்மையை அறியச் சிறந்த பள்ளி ஒன்று நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றையும் நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு சுமந்துவந்து இம்மண்ணில் நட்டார்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய முற்போக்காளர் நம்மிடையே இருந்ததுண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை.

பொன்னர் சங்கர் கதையில் வருவதும் ஒரு பூதவிலங்குதான். கொம்பன் என்னும் மாபெரும் காட்டுப்பன்றி வயலையும் வரப்பையும் உழுது நாசமாக்குகிறது. வாளேந்திய சங்கர் அதை வேட்டையாடப் புறப்படுகிறான். பிரெண்டா பெக் என்னும் மானுடவியலாளர் 1965 இல் கொங்கு நாட்டில் ஒலிப்பதிவு செய்த கதை வடிவத்தைப் பார்த்தால், வாள் மட்டும் போதவில்லை என்பது தெளிவாகும். பொன்னாச்சி என்னும் சின்னஞ்சிறு நாய், எவரும் பொருட்படுத்தாத நாய், பன்றியைக் கடித்து மடக்கிய பிறகே வீரனின் ஆயுதத்துக்கு வேலை வருகிறது. உடன் நின்று பாடுபடுகிறவன் ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த சாம்புகன். கதையின் பெயரோ பொன்னர் சங்கர்.

இக்கதை குற்றமற்றது என்று நாம் வாதாடவில்லை. நிலவுடைமைக் குலத்தின் பெருமையைப் பாடும் கதை இது. அதன் எதிரிகளாக நிறுத்தப்படும் வேட்டுவர் காட்டை இழந்த மக்கள். அங்கும் அயலானே கொடியவன். ஆயினும் அயன் மேன் கதைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இரும்பு வீரனின் கதையை எழுதுவதும் விற்பதும் ஒரு நிறுவனம். பொன்னர் சங்கரை ஆடுவது லயத்து மனிதர்கள். இரவெல்லாம் அட்டையும் சரிகைத்தாளும் ஒட்டிய கவசம் பூண்டு சங்கராக நின்றவன், விடிந்தால் கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டில் நிற்கிறான். படுகளத்திலே வீழ்ந்து கிடப்பவனைச் சுற்றி அழுவது அவனுடைய சொந்தத் தாயும் தங்கையும். கவசத்தை அவர்களே செய்தார்கள். ஆகவே அதை மாற்றிச் செய்யவும் அவர்களால் முடியும். சாம்புகனைக் களத்தின் நடுவே நிறுத்த வேண்டுமென்றால் அவர்கள் எந்தக் கம்பனியிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை.

மெய்யான களத்திலே கவசமின்றி நின்றவர்களும் நமக்கு உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிசார் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணியில் 7,000 ஏக்கரைப் பிரித்தெடுக்க முயன்றபோது எதிர்த்து நின்ற மக்களுள் ஒருவரான சிவனு லட்சுமணன் டெவன் தோட்டத்திலே துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார், காணி பறிபோகவில்லை. இவர்கள் வானத்திலிருந்து வரவில்லை. நம் லயங்களிலிருந்தே வந்தார்கள். தனியாகவும் நிற்கவில்லை, பெயர் தெரியாத பலர் பக்கத்தில் இருந்தார்கள். 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளையை அடைந்த மலையகம் 200 நடைபயணத்திலும் ஒரு பெருவீரன் இல்லை. முன்னோர் வந்த வழியை மக்கள் தம் காலாலேயே அளந்தார்கள்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! பிள்ளையின் கையிலிருக்கும் இரும்பு முகமூடியைப் பறிக்கச் சொல்லி நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. பறிப்பவன் மீது பிள்ளைக்குக் கோபம் வரும். கதை மீது ஐயம் வராது. அவனிடம் கேளுங்கள்: இந்தக் கவசம் யாருடையது? உள்ளே இருந்து அடி வாங்குபவன் யார்? பேர் யாருக்குப் போகிறது? பறவை நாகத்தைப் பகையென்று முதலில் சொன்னவன் யார்? வகுப்பறையிலே பொன்னாச்சியின் வாயால் கொம்பன் வேட்டையை எழுதச் சொல்லுங்கள். சாம்புகனின் தாய் பாடும் ஒப்பாரியை எழுதச் சொல்லுங்கள். முல்லோயாவும் டெவனும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை மேடையில் ஒருவர் ஏறி, "உங்களுக்காக நான் போரிடுவேன்" என்று முழங்கும்போது கைதட்டுவதற்கு முன் ஒரு கணம் நிற்பான். எங்களைக் கேட்டீரா, எங்களுக்குக் கணக்குச் சொல்வீரா என்று கேட்பான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நாம் பள்ளிக்கூடம் நடத்துகிறோம்; அதற்காகத்தான் எழுதுகிறோம். உழைப்பவனுக்கு முழுப் பேர் கிடைக்கும் நாள் எவனுடைய கவசத்துக்குள்ளிருந்தும் வரப்போவதில்லை.